ஒயருக்குச் சட்டை போட்டால் இரைச்சல் அடங்குமா?

குமரி மாவட்டத்துக் குளச்சலில் என் மனைவியின் தம்பி வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். வீட்டில் பழகுவதற்கென்று பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் போயிருந்தபோது, "அத்தான், இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று சுவிட்சைப் போட்டார். ஒரு கட்டையைக்கூட அமுக்கவில்லை. அதற்குள் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் அறையை நிரப்பியது. கீபோர்டிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒயரைப் பார்த்தேன். இந்த முனை முதல் அந்த முனை வரை சமையலறை அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் செலோடேப். மசாலா தடவிப் பொதிந்து வைத்த நெய்மீன் மாதிரி பளபளத்தது. "ஷீல்டு பண்ணியாச்சு. ஆனாலும் போகல்ல."

அவர் செய்தது ஒன்றும் அசட்டுத்தனம் இல்லை. ஒயருக்கு உலோகச் சட்டை போட்டால் இரைச்சல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரைச்சல் உள்ளே வர நாலு வாசல் உண்டு. சட்டை அதில் இரண்டைத்தான் ஒழுங்காக அடைக்கும். மற்றவை திறந்தே கிடக்கும். நான் பார்த்தவரை, நம் கடலோர வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி ஒயரின் உடம்பு அல்ல, அதன் இரண்டு நுனிகள்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. கீபோர்டு, போன், டிவி இவற்றிலிருந்து வெளிவரும் ஒலிச் சமிக்ஞை சுமார் 0.3 வோல்ட். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். பழைய ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் இன்னும் பாவம். அதன் ஊசி தருவது 5 மில்லிவோல்ட் போல. யானை போகிற தடத்திலேயே எறும்பும் ஊர்கிறது என்றால், யானையின் நிழல் பட்டாலே எறும்புக்கு இருட்டிவிடும். ஆம்புக்கு எது பாட்டு, எது கரண்டின் நிழல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கித் தரும்.

எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை ஓரளவு காதே சொல்லிவிடும். கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். அடி மண்டலத்தில் ஒரு 'ஜி' கட்டையை அமுக்குங்கள்; அது 49 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் மண்டலத்து 'ஜி' 98. இரைச்சல் இந்தச் சுருதியோடு ஏறக்குறைய ஒட்டி, சற்றே தூக்கலாக, வழவழப்பாக ஒலித்தால் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். காந்தப்புலம், எர்த் வளையம் (பின்னால் சொல்கிறேன்), அல்லது ஆம்பின் உள்ளேயே உள்ள கோளாறு என்று தேட வேண்டும். சுருதி சுத்தமாக இல்லாமல், வண்டு மாட்டிக்கொண்டதுபோல 'ஜ்ர்ர்ர்' என்று சொரசொரப்பாக இருந்தால் மின்புலம், ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு பக்கம் சந்தேகப்படலாம்.

மின்புலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டை என்ற யோசனையே இங்கிருந்துதான் வருகிறது. சுவருக்குள் ஓடும் கரண்ட் கம்பியும் பக்கத்தில் கிடக்கும் ஆடியோ ஒயரும் ஒன்றையொன்று தொடாவிட்டாலும், நடுவில் காற்றும் பிளாஸ்டிக்கும் இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. அதன் அளவு 10 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 318 மெகாஓம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.7 மைக்ரோஆம்பியர். ஒரு தூசிதான். ஆனால் அந்தத் தூசி போய்ச் சேரும் இடத்தில் 10 கிலோஓம் தடை இருந்தால் அங்கே 7 மில்லிவோல்ட் எழும்பும். 300 மில்லிவோல்ட் பாட்டுக்கு முன்னால் 7 மில்லிவோல்ட் முனகல் நன்றாகவே கேட்கும். அதே ஒயரை 100 ஓம் வெளியீடு உள்ள கருவியில் செருகினால் 0.07 மில்லிவோல்ட்தான், நூறில் ஒரு பங்கு. ஒரே ஒயர் ஒரு வீட்டில் கத்துவதும் இன்னொரு வீட்டில் சும்மா இருப்பதும் இதனால்தான். கிதார் வாசிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் அவதிப்படுவது. பேட்டரி வைக்காத கிதாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் சுருளின் தடை பல கிலோஓம்.

இந்த வாசலை உலோகச் சட்டை அருமையாக அடைக்கும். 1836-இல் மைக்கேல் ஃபாரடே 12 அடிக்குப் 12 அடி மரச்சட்டகம் கட்டி, உலோகத் தாள் ஒட்டி, வெளியே பொறி பறக்க மின்னேற்றிவிட்டு, கருவிகளோடு தானே உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார். உள்ளே ஒரு சலனமும் இல்லை. ஷீல்டு ஒயர் என்பது அந்த அறையை நீட்டி மெலிய வைத்த வடிவம். ஆனால் ஒரு நிபந்தனை. சட்டையில் வந்து விழும் அந்த 0.7 மைக்ரோஆம்பியர் எங்காவது வடிந்து போக வேண்டும். சட்டையை ஆம்பின் தரைமுனையோடு இணைத்தால்தான் வடியும். இணைக்காமல் வெறுமனே சுற்றிய தாள் இன்னொரு கெப்பாசிட்டர் தகடு, அவ்வளவுதான். இரைச்சல் தாளில் ஏறி, தாளிலிருந்து ஒயருக்குள் இறங்கும். மழைக்கு ஓடு போட்டுவிட்டு, ஓட்டுத் தண்ணீர் போக வழி வைக்காமல் முற்றத்திலேயே தேக்கினால் எப்படி? குளச்சல் தாளின் கதை அதுதான். அது எதனோடும் ஒட்டவில்லை.

சரி, இணைத்திருந்தால்? அப்போதும் 'ம்ம்ம்' போயிருக்காது. அடுத்த வாசலுக்கு வருவோம்.

காந்தப்புலம் உலோகச் சட்டையைக் கண்டு மிரளாது. மாறுமின்சாரத்தின் காந்தப்புலம் ஓர் உலோகத்துக்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டரும் அலுமினியத்துக்குள் 11, 12 மில்லிமீட்டரும் போன பிறகுதான் அதன் வலு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். நம் சமையலறைத் தாளின் தடிமன் 0.01-லிருந்து 0.02 மில்லிமீட்டர். நூற்றுக்கணக்கான சுற்று சுற்றினால்தான் ஏதாவது நடக்கும். அப்புறம் அது ஒயர் இல்லை, உலக்கை.

காந்தத்துக்கு மருந்து மூடுவது அல்ல, முறுக்குவது. 1880-இல் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் உலோகக் குழாய் என்ற கோஆக்சியல் ஒயருக்குக் காப்புரிமை வாங்கினார். மறு வருடமே, 1881-இல், அலெக்சாண்டர் கிரகாம் பெல் போய்வரும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடும் முறைக்கு வாங்கினார். கயிறு திரிக்கிற மாதிரிதான். ஒரு முறுக்கில் ஏறிய இரைச்சல் அடுத்த முறுக்கில் எதிர்த்திசையில் ஏறிக் கழிந்துபோகும். ஒருவர் மூடினார், இன்னொருவர் முறுக்கினார். இன்றைக்கு நல்ல மைக் ஒயரை வெட்டிப் பார்த்தால் இரண்டும் இருக்கும்: முறுக்கிய இரட்டைக் கம்பி, மேலே பின்னல் சட்டை.

வீட்டில் இதைவிடச் செலவில்லாத மருந்து தூரம். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்கு ஏற்பக் குறையும். தூரத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. ஸ்டெபிலைசர்மேல் கேசட் டெக்கைத் தூக்கி வைத்திருப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! அதை ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும். கரண்ட் ஒயரும் ஆடியோ ஒயரும் சேர்ந்து ஓட வேண்டாம். ஒன்றையொன்று தாண்டியே ஆக வேண்டுமென்றால் பெருக்கல் குறிபோல் தாண்டட்டும். பார்க்க அழகாக இருக்கிறதென்று எல்லா ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டி டேப் போடுகிறவர்கள் இரைச்சலுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள்.

ஆனாலும் இரண்டு மீட்டர் ஒயர் தனியாகப் பிடிக்கிற காந்த இரைச்சல் மிகக் குறைவு, சில மைக்ரோவோல்ட்தான். ரெக்கார்டு பிளேயருக்கு அது பெரிது, கீபோர்டுக்கு ஒன்றுமில்லை. பிறகு எங்கிருந்து வந்தது அவ்வளவு பெரிய 'ம்ம்ம்'?

எர்த் வளையத்திலிருந்து. இது ஒயரின் ஓட்டை வழியாக வருவது இல்லை. ஒயரின் சட்டையையே வண்டிப் பாதையாக ஆக்கிக்கொண்டு வருவது. அந்த வீட்டு ஆம்ப் மூன்று பின் பிளக்கில் செருகியிருந்தது, அதற்கு வீட்டு எர்த் உண்டு. அதே ஆம்பில் டிவி செட்டாப் பெட்டியின் ஒலியும் இணைத்திருந்தது. செட்டாப் பெட்டிக்குக் கேபிள்காரரின் கோஆக்சியல் ஒயர் தெருக் கம்பத்திலிருந்து வருகிறது. அதன் சட்டை எங்கேயோ இரண்டு தெரு தாண்டி இன்னொரு எர்த்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, ஒரு மண்ணிலிருந்து இன்னொரு மண்ணுக்கு ஆம்ப் வழியாக ஒரு பாலம். இரண்டு மண்ணும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. வித்தியாசம் அரை வோல்ட் இருந்தாலே போதும், பாலத்தில் கரண்ட் ஓடத் தொடங்கும்.

அது ஓடுவதில் என்ன கெடுதல்? சாதாரண ஏ.வி. பின் ஒயரில் சட்டைக்கு இரண்டு வேலை. வெளி இரைச்சலைத் தடுப்பது ஒன்று. பாட்டுக்குத் திரும்பிப் போகும் பாதையாக இருப்பது இன்னொன்று. அந்தப் பாதையில் அந்நியக் கரண்ட் ஓடினால், பாதையின் தடையால் அங்கே ஒரு மின்னழுத்தம் பிறக்கும். ஆம்ப் அதைப் பாட்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளும். ஒயர்மேல் இன்னும் பத்து அடுக்குத் தாள் சுற்றினாலும் இதில் ஒரு மாற்றமும் வராது.

இங்கேதான் நம் ஊர் உப்புக்காற்று கதைக்குள் நுழைகிறது. சட்டையில் ஒரு மில்லிஆம்பியர் கரண்ட் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒயரும் பின்னும் புதிதாக இருந்தால் மொத்தத் தடை 0.05 ஓம் போல இருக்கும். பிறக்கும் இரைச்சல் 0.05 மில்லிவோல்ட், காதுக்கு எட்டாது. இப்போது பின்னின் வெளிவளையத்தில் களிம்பு ஏறி, அந்தத் தொடுகையின் தடை 2 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். இரைச்சல் 2 மில்லிவோல்ட். நாற்பது மடங்கு! ஒயர் அதேதான், கரண்ட் அதேதான், வளையமும் அதேதான். பின்னில் மட்டும் ஒரு பச்சைப் பூச்சு.

பித்தளைக் குத்துவிளக்கை ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று முட்டம், மணக்குடி, குளச்சல் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏ.வி. பின்னும் நிக்கல் முலாம் பூசிய பித்தளைதான். போதாததற்கு இந்த மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. காற்றில் ஈரம் வற்றும் காலம் குறைவு. உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முலாமில் தலைமுடி அளவு கீறல் இருந்தால் போதும், அடியிலிருந்து பச்சை கிளம்பிவிடும். கடலை விட்டு உள்ளே இருக்கும் குலசேகரத்தில் பத்து வருடம் தாங்குகிற பின் குளச்சலில் அதில் பாதி நாள் தாங்கினாலே அதிசயம். விளக்கைப்போலப் புளி போட்டுத் தேய்க்கவும் முடியாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். பின்னைச் செருகிய நிலையில் நாலு தடவை திருகினாலும் மேல்பூச்சு உரியும். பிளேடு வைத்துச் சுரண்டினால் இன்றைக்குச் சரியாகும். முலாம் போய்விட்டதால் அடுத்த மழைக்கு முன்னைவிட மோசமாகும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். தலைக்கு நல்லது.

தங்க முலாம் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. அது பாட்டை இனிமையாக்கும் என்று சொல்லி விற்கிறார்கள், அதை நான் நம்பவில்லை. ஆனால் தங்கத்தில் களிம்பு ஏறாது. கடற்கரை வீட்டுக்கு அந்த ஒரு காரணத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

எர்த் வளையத்தை உடைக்க ஊரில் ஒரு குறுக்குவழி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். மூன்று பின் பிளக்கின் தடித்த எர்த் பின்னை வெட்டிவிடுவது, அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகுவது. செய்த நிமிடமே ரீங்காரம் நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழிவதில்லை. ஆம்பின் டிரான்ஸ்பார்மர் உறை எப்போதாவது பழுதானால் 230 வோல்ட் முழுதும் அதன் உலோக உடம்பில் வந்து நிற்கும். எர்த் இருந்தால் ஃப்யூஸ் போகும், பாதுகாப்பு டிரிப்பர் விழும். எர்த் இல்லாவிட்டால் வாசிக்கிறவர் விரல் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். கோயில் கொடையிலும் சர்ச் திருவிழாவிலும் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கை உதட்டோடு சேர்த்துப் பிடித்துப் பாடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். எர்த் பின்னைத் தொடாதீர்கள். ஆடியோவுக்கென்று கொல்லையில் தனியாக ஒரு கம்பி அடித்து எர்த் எடுப்பதும் வேண்டாம். அது இன்னொரு மண்ணை, அதாவது இன்னொரு வளையத்தைச் சேர்க்கும். ஐப்பசி இடி பக்கத்தில் விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வரும் அழுத்தம் முழுதும் ஆம்ப் வழியாகப் பாயும்.

வளையத்தை உடைக்க வேண்டிய இடம் ஒலிப் பாதை அல்லது கேபிள் டிவி பாதை. ஆடியோ ஒயரின் நடுவே செருகும் சின்ன ஐசோலேட்டர் டப்பா கடைகளில் கிடைக்கிறது. உள்ளே ஒன்றுக்கொன்று சுற்றுடைய இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும். பாட்டு காந்தமாகத் தாண்டிப் போகும், எர்த் கரண்டுக்குப் பாலம் இல்லை. மலிவானதில் அடி ஒலி கொஞ்சம் மெலியும், பழகுவதற்குப் போதும். டிவியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் இன்னும் நல்லது. தோஷிபா 1983-இல் கொண்டுவந்த அந்த ஒளி இழையில் செம்பே கிடையாது, எர்த் எப்படித் தாண்டும்? சிலர் இதற்காகவே புளூடூத் பெறும் டப்பா ஒன்றை ஆம்பில் செருகிவிடுகிறார்கள். சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்; ரீங்காரத்தோடு ஒப்பிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

லேப்டாப்பும் இதே குடும்பம்தான். இரண்டு பின் அடாப்டர் போட்ட லேப்டாப்பின் உலோக ஓரத்தை விரலால் வருடினால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாக மெல்லிய கரண்ட் கசிந்து வருகிறது. ஆளுக்கு ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் லேப்டாப்பை ஆம்பில் செருகினால் அந்தக் கசிவு திரும்பிப் போவது ஆடியோ ஒயரின் சட்டை வழியாக. சோதித்துப் பார்க்க அடாப்டரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட விடுங்கள். இரைச்சல் நின்றால் ஆள் அகப்பட்டான்.

மைக் செட்காரர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? வில்லுப்பாட்டு மேடையிலிருந்து மிக்ஸருக்கு 50 மீட்டர் ஒயர், சீரியல் செட் விளக்கு ஒயரோடு பின்னிக்கொண்டு, பக்கத்தில் ஜெனரேட்டர் உறும, வைக்கோல் மேலும் சேற்றிலும் கிடக்கும். ஒரு முனகல் இருக்காது. நம் வீட்டில் ஒன்றரை மீட்டர் ஒயர் அழுகிறது! வித்தியாசம் மூன்று பின் உள்ள அந்தத் தடித்த மைக் ஜாக்கில் இருக்கிறது. அதில் பாட்டு இரண்டு கம்பியில், ஒன்றுக்கொன்று எதிராகப் போகும். இரைச்சல் ஏறினால் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் பொதுவாக ஏறியது கழிந்துவிடும். சட்டைக்கு அங்கே பாட்டைச் சுமக்கும் வேலை இல்லை, காவல் மட்டும்தான். இதிலும் பழுது வருவதுண்டு. சட்டையைக் கருவியின் உலோக உடம்போடு சேர்க்காமல் உள்ளே சர்க்கியூட் போர்டின் தரைமுனையில் கொண்டுபோய்ச் சேர்த்தால் இரைச்சல் நேராக உள்ளே போகும். இதை 1995-இல் நீல் மன்சி என்ற பொறியாளர் எழுதி விளக்கினார். 'முதல் பின் பிரச்சினை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வீட்டுக் கீபோர்டில் இந்த மூன்று பின் வசதி பெரும்பாலும் இருக்காது. டி.ஐ. பாக்ஸ் என்று மைக் செட்காரர்களிடம் ஒரு டப்பா இருக்கும், அது மாற்றித் தரும். ஆனால் எதிர்முனையில் மூன்று பின் வாங்கும் மிக்ஸர் வேண்டும்.

ரேடியோ அலைதான் கடைசி வாசல். இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம், ஏனென்றால் இங்கே சட்டை தன் வேலையைச் செய்யும். 100 மெகாஹெர்ட்ஸில் அலை அலுமினியத்துக்குள் 0.008 மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே அடங்கத் தொடங்கிவிடுகிறது, சமையலறைத் தாளே தாங்கும். கடல் தாண்டி இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட கரை இது. மைக்கே இல்லாமல் சர்ச் ஸ்பீக்கரில் ரேடியோப் பாட்டு வந்தது என்று பெரியவர்கள் சொன்னால் கட்டுக்கதை என்று தள்ளிவிட வேண்டாம். மத்திய அலையைப் பிரித்துப் பாட்டாக்க கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு போதும், களிம்பு பிடித்த பழைய இணைப்பே டையோடு வேலையைச் செய்துவிடும். நாகர்கோவில் பண்பலை அப்படிக் கேட்பது அபூர்வம், பண்பலையில் அலையின் உயரம் மாறாது என்பதால். போன் பக்கத்தில் இருக்கும்போது 'டட்-டட்-டட்' என்று வருவது 2ஜி போன் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலை அனுப்புவதால். மலையோரத்தில் சிக்னல் குறைந்தால் போன் இன்னும் உரக்கக் கத்தும். போனைத் தள்ளி வையுங்கள், அல்லது ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். அந்த வளையம் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு ஒன்றும் செய்யாது. இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

இனி, உண்மையிலேயே ஒயருக்குச் சட்டை தேவைப்படுகிறவர்களுக்கு. தாள் சுற்றாதீர்கள், இரண்டு கோர் ஷீல்டு ஒயர் வாங்குங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். நுனியை உரித்துப் பின்னல் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். உள் உறை நிறம் பளிச்சென்று தெரிந்தால் சட்டை கிழிசல் என்று பொருள். கடலோரமானால் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் உள்ளதைக் கேளுங்கள். அலுமினியத் தாள் சட்டை உள்ளதும் நல்லதுதான். ஆனால் அதற்குள் ஓடும் செம்பு வடிகம்பியும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும், நுனியை நன்றாக மூட வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு கம்பியில் ஒன்று பாட்டுக்கு, இன்னொன்று அது திரும்பி வர. சட்டையை ஒரு முனையில் மட்டும், பாட்டு புறப்படும் கருவி பக்கம், திரும்பும் கம்பியோடு சேர்த்துப் பற்றவையுங்கள். மறுமுனையில் வெட்டி, டேப் சுற்றி விடுங்கள். இப்போது பாட்டின் பாதை வேறு, சட்டை வேறு. எர்த் வளையம் மட்டும் இதனால் உடையாது, திரும்பும் கம்பி வழியாக அது அப்படியே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பின்னலை நீளமாகத் திரித்து வால் விடாமல் பின்னுக்கு அருகிலேயே முடியுங்கள். அந்த வால் இருக்கும் நீளத்துக்குக் கம்பி அம்மணம்தான்.

தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். ஷீல்டு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. கீபோர்டுக்குக் கவலையில்லை, கிதாருக்கும் ரெக்கார்டு பிளேயருக்கும் உச்ச ஒலி மங்கும்.

ஒயரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஆம்பையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். ஒலியைச் சுழியத்துக்குத் திருப்பி, எல்லா ஒயரையும் பிடுங்கிய பிறகும் ரீங்காரம் அதே அளவில் இருந்தால் உள்ளே இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கும். இருபது வருட ஆம்பில் அது சகஜம். சில வீடுகளில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் 'ஜ்ர்ர்ர்' தொடங்கும். சதுர அலை இன்வெர்ட்டர் அப்படித்தான், சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் "காற்றாடிக் கரண்ட், அதான் இரைச்சல்" என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். காற்றாலை மின்சாரமும் அணு மின்சாரமும் மின்தொகுப்பில் கலந்த பிறகு எல்லாம் ஒரே 50 ஹெர்ட்ஸ்தான், அண்ணாச்சி.

குளச்சலில் அன்று மத்தியானம் நாங்கள் செய்தது இவ்வளவுதான். முதலில் செட்டாப் பெட்டியின் பின்னால் இருந்த கேபிள் ஒயரைக் கழற்றினோம். ரீங்காரம் பாதியாக இறங்கியது. வளையம் உண்மைதான். அடுத்து கீபோர்டு ஒயரின் பின்னைப் பிடுங்கிப் பார்த்தால், அலுமினியத் தாள் நுனியில் மறைந்திருந்த இடத்தில், வெளிவளையம் முழுக்கப் பச்சை. தாளுக்குள் ஈரம் தங்கி இன்னும் சீக்கிரமாகவே ஏறியிருக்கிறது. தக்கலையிலிருந்து வாங்கி வந்து சும்மா கிடந்த ஒரு ஒயரை மாற்றினோம். ஆம்பின் சாக்கெட்டை ஆல்கஹாலில் துடைத்தோம். 'ம்ம்ம்' அடங்கி, காதை ஸ்பீக்கரோடு வைத்தால்தான் கேட்கும் நிலைக்கு வந்தது. செட்டாப் பெட்டிக்கு ஒரு ஐசோலேட்டர் வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மின்விசிறியை இரண்டில் வைத்தால் மட்டும் ஒரு மெல்லிய 'ஜ்ர்ர்ர்' இன்னும் வருகிறதாம். அந்த வட்டத் திருகு ரெகுலேட்டர் கரண்ட் அலையை நடுவில் நறுக்கி நறுக்கி அனுப்புகிற வகை. நாலு கட்ட கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாட்டினால் போய்விடும் என்றேன். "அது வரைக்கும் ஃபேனை அஞ்சுல வச்சி வாசிக்கேன் அத்தான், நோட்டுத்தாள்தான் பறக்கும்" என்றார்.